ஐயோ துரையின் ஈரக் கம்பளி

பழவேற்காட்டில் சூரியன் உதிப்பதைக்கூடக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். தினமும் விடியற்காலையில் கோட்டை மதில் ஓரம் நின்று கிழக்கே பார்த்து, "வந்துட்டான் பாரு" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். அவர்தான் ஐயோ துரை.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒல்லாந்து பாஷையில் நீளமாக ஒன்று இருந்தது. கோட்டைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாஷையை ஒழுங்காகப் படித்துத் தேறிய நானே அதைச் சொல்லிப் பார்த்து, தொண்டையில் மீன்முள் சிக்கியவன்போல இருமி, பாதியில் விட்டுவிட்டேன். ஊர்க்காரர்கள் அந்தச் சிரமமே படவில்லை. துரை தமிழில் கற்றுக்கொண்ட முதல் சொல் ஐயோ. கும்பிடுக்குப் பதில், நன்றி, போய்வருகிறேன், குழம்பு ருசியாக இருக்கிறது எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றையே வைத்துக் காலம் தள்ளினார். எதிரே வருகிறவன் கும்பிட்டால் "ஐயோ" என்பார். அவனும் மரியாதையாக "ஐயோ துரை" என்று சொல்லிவிட்டுப் போவான். அப்படியே நிலைத்துவிட்டது. பிற்பாடு கோட்டைக் கூலிக்காரர்களிடம் பேச்சுத் தமிழ் முழுவதும் கற்றுக்கொண்டார். மூட்டை தூக்குகிறவன் பேசுகிற தமிழில் சலிப்பைத் தவிர வேறென்ன இருக்கும்? அது அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்திற்று.

கோட்டையில் அவருக்கு என்ன உத்தியோகம் என்று நினைக்கிறீர்கள்? வெடிமருந்துக் கிடங்குக்குக் காவல்! எதற்கும் அஞ்சாத ஆளுக்குத் தரவேண்டிய வேலையை, எல்லாவற்றுக்கும் அஞ்சுகிற ஆளிடம் கொடுத்திருந்தார்கள். கோட்டை கடைசிவரை வெடிக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

கிடங்கு வாசலுக்குள் இரும்பு, பித்தளை எதுவும் போகக்கூடாது. உரசினால் பொறி பறக்குமாம். தம் சட்டையில் இருந்த பித்தளைப் பொத்தான்களை அறுத்துப் போட்டுவிட்டு, தானே செதுக்கிய மரப் பொத்தான்களைத் தைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவருகிற பெண்களைக் கால் மெட்டியைக் கழற்றச் சொன்னார். மறுநாள் புருஷன்மார் எல்லாரும் திரண்டு வந்து, "நாங்க இன்னும் உயிரோடதான் கீறோம் துரை" என்று சண்டை போட்டார்கள். "எவ்ளோ நாளைக்கு?" என்று கேட்டாரே ஒழிய, விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டுக் கழுத்து மணிகள் போயின. கிடங்கில் எலி பிடிக்கிற பூனைக்கு இருட்டில் கண் மின்னுகிறது என்று அதையும் ஊர்கடத்தினார். பூனை திரும்பி வந்தது. என்னைக் கூப்பிட்டு, "பிள்ளே, உள்ளே வரும்போது கண்ண மூடிக்கினு வரச் சொல்லு" என்றார். மொழிபெயர்ப்பு வேலையில் நான் தோற்றது அந்த ஒரு முறைதான்.

இது போதாதென்று தோளில் ஒரு கம்பளி. சாதாரணக் கம்பளி என்றால் பரவாயில்லை, சொட்டச் சொட்ட நனைத்த கம்பளி. எங்காவது பொறி விழுந்தால் மேலே போட்டு அமுக்குவதற்காம். மார்கழியிலும் அதே கம்பளிதான், தும்மிக்கொண்டே சுமப்பார். சரி, சித்திரை வெயிலுக்காவது சுகமாக இருக்குமே என்று கேட்டால், "சீக்கிரம் காஞ்சுடுது, ஐயோ" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். அங்கே தனக்கென்று ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். அதில் நீட்டி நிமிர்ந்து படுத்துப் பார்த்து, "கால் பக்கம் வெயில் அடிக்குது" என்று எழுந்துவருவார். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கும். திரும்பும்போது அவற்றின் தோளைத் தட்டிக் கொடுப்பார். "இந்த ஊர்ல விஷயம் தெரிஞ்சவங்க இவங்க ரெண்டு பேர்தான்" என்பது அவர் அபிப்பிராயம்.

சாயங்காலங்களில் நான் அவரிடம் போய் ஒல்லாந்து பேசிப் பழகுவேன். தப்பாகப் பேசினால் திருத்தவே மாட்டார். "திருத்தி இன்னா ஆவப்போவுது, எல்லாரும் சாவத்தானே போறோம்" என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் தட்டுத்தடுமாறி முடிக்கும்வரை ஒரு நாளும் எழுந்து போனதில்லை. இப்படி ஓர் ஆள் எனக்கு இனி எங்கே கிடைப்பார், சொல்லுங்கள்.

இப்படி இருக்கையில் கோட்டை இங்கிலீஷ்காரன் கைக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் வந்து நின்றது. ஒல்லாந்தர் எல்லாரும் கடல் கடந்து ஜாவாவில் இருக்கிற தங்கள் பத்தாவியாவுக்குப் போகலாம். இங்கேயே குடியிருக்க விருப்பமுள்ளவர் இருந்துகொள்ளலாம் என்று உத்தரவு. ஊரே அழுதது என்று சொன்னால் பொய். நான் அழுதேன். ராப்பகலாகப் படித்த பாஷையைப் பேச ஊரில் ஆள் இல்லாமல் போகப்போகிறது! அதைவிடப் பெரிய துக்கம், ஐயோ துரை போவாரா இருப்பாரா என்பது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன பதில் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நான் நேராகவே கேட்டேன். "துரை, இங்கேயே இருந்துடுங்களேன்."

"இங்க இன்னா கீது?"

"என்ன இல்ல? ஏரி இருக்கு, காடு கழனி இருக்கு, நாங்க இருக்கோம்."

"நான் பாத்தது கிடங்கு. அப்பறம் கல்லறை. நடுவுல ஒரு தெரு." கம்பளியை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டே சொன்னார். "சரி பிள்ளே. ஒண்ணு காட்டு. போவாத இருக்கறதுக்கு ஒரே ஒரு காரணம் காட்டு. இருந்துடறேன்."

கப்பலுக்கு நாளை மறுநாள் பாய் விரிக்கிறார்கள். நடுவில் கையில் இருந்தது ஒரு பகல். ஒரு பகல் போதும் என்று நான் குதித்தேன். தோணியில் ஏரியைக் கடந்து சுண்ணாம்புக்குளம் பக்கம் போவது, பச்சை வயலைக் காட்டுவது, பனை நிழலில் உட்காரவைத்து மீன்குழம்பும் சோறும் போடுவது, வெயில் தாழ நிதானமாகத் திரும்புவது. மனுஷன் உருகிவிடமாட்டாரா?

தோணிக்குக் கோட்டைக்குப்பம் எல்லப்பனைப் பிடித்தேன். என் வயதுக்காரன், சிநேகிதன். சமையலுக்கு அவன் அக்கா முனியம்மா. முனியம்மா ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓர் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். வேலை நேரத்தில் வாய் அடைபட்டிருப்பதால் மிச்ச நேரத்தில் அதற்கும் சேர்த்துப் பேசுவாள்.

"அந்தாள சிரிக்க வெக்கணுமா? ஏன் தம்பி, கோட்டைய தூக்கிக் கடல்ல போடச் சொல்லேன், அது சுளுவா முடியும்" என்றாள். ஆனால் வந்தாள். மடவை மீனும் புளியும் மிளகாயும் கட்டி எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்து தோணியில் உட்கார்ந்திருந்தாள்.

துரை ஈரக் கம்பளியோடு வந்து சேர்ந்தார். "எலும்புக்கூட்டுக்குச் சொல்லிக்கினு வந்துட்டேன்" என்றார். ஒரு காலை எடுத்துத் தோணியில் வைத்ததும் கேட்டார்: "இது எப்ப முழுகும்?"

"முழுகாது துரை" என்றான் எல்லப்பன்.

"முழுகாதுன்னு சொல்ற தோணிதான் முழுகும்."

"சரி, அப்ப முழுகும்."

"ஐயோ, நீயே ஒத்துக்கினியே!"

எல்லப்பன் என்னைப் பார்த்தான். நான் ஏரியைப் பார்த்தேன். கழியை ஊன்றித் தள்ளினான்.

எங்கள் ஏரி காலை வேளையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் அதைத்தான் ஒல்லாந்து பாஷையில் அழகாக எடுத்துச் சொன்னேன். துரை பயந்துபோய்த் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இப்ப நாம எதுல போறோம்?"

பூநாரைக் கூட்டம் தெரிந்தது. ஆழமில்லாத தண்ணீரில் ரோஜா நிறத்தில் ஆயிரக்கணக்கில் நின்றிருந்தன. இதைப் பார்த்து உருகாதவன் மனுஷனே அல்ல என்று நினைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் ஒத்தக் கால்ல நிக்குது. இன்னொரு கால் இன்னாச்சு?"

"மடிச்சு வெச்சுக்கினு கீது துரை" என்றாள் முனியம்மா.

"ஏன்?"

"எனக்கு இன்னா தெரியும்? நானா மடிச்சு வுட்டேன்?"

துரை வெகுநேரம் யோசித்தார். "ஒரு காலு நிக்கறதுக்கு, ஒரு காலு ஓடறதுக்கு. புத்தியுள்ள பறவை" என்றார்.

பாராட்டு! வாழ்நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு! நான் எல்லப்பன் தொடையில் கிள்ளினேன். அவன் துள்ளியதில் தோணி ஆடியது. துரை கண்ணை இறுக மூடிக்கொண்டார். வந்த பாராட்டு வந்த வழியே போயிற்று.

வழியில் தண்ணீருக்குள் வரிசையாகக் கழிகள் நட்டிருந்தன. அது என்ன என்று துரை கேட்க, எல்லப்பன் விளக்கினான். மீன் நன்றாகக் கூடுகிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் பாடு என்று பெயர். கண்டவன் கண்டபடி அங்கே வலை போட முடியாது. குலுக்கிப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். முறை வந்தவன்தான் அன்றைக்கு அங்கே வலை வைக்கலாம். "இன்னிக்கி தோணிரேவுக்காரங்க முறை. மத்தியானம் வருவாங்க. அவங்க மொத வலை தூக்கறதுக்கு முந்தி வேற எவனாவது அங்க தூக்கனா, அன்னிக்கி முறை கெட்டுப்பூடுச்சுன்னு அர்த்தம். பெரிய பேஜாராயிடும் துரை."

"நான் எதையும் தூக்க மாட்டேன்" என்றார் துரை. உண்மையாகத்தான் சொன்னார், பாவம்.

கழி வரிசை தாண்டியதும் தோணி தரை தட்டியது. தண்ணீர் வற்று முகமாக இருந்த நேரம். எல்லப்பன் "இறங்கித் தள்ளணும்" என்று வாயெடுப்பதற்குள், மோதிய சத்தத்தைக் கேட்ட துரை முடிவு வந்துவிட்டது என்று தீர்மானித்துத் தண்ணீரில் குதித்துவிட்டார்.

"முழுகறேன்! பிள்ளே, முழுகறேன்!"

முழங்காலளவு தண்ணீர். நட்ட கழிபோல நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, முழுகுகிறேன் என்று கத்துகிற மனிதரை நாங்கள் மூவரும் வாய் திறந்து பார்த்தோம்.

"துரை, குந்துனாத்தான் முழுகலாம்" என்றாள் முனியம்மா.

அவர் கீழே குனிந்து பார்த்தார். யோசித்தார். "குந்த மாட்டேன்" என்றார்.

தோணி நகரவில்லை. நீர் ஏறினால்தான் மேற்கொண்டு போகமுடியும். சுண்ணாம்புக்குளத்துப் பச்சை வயல் என் கண்ணெதிரே கரைந்தது. பக்கத்தில் ஒரு மணல் திட்டு இருந்தது. சரி, இங்கேயே சமைப்போம், சாப்பிடுவோம், இதுவும் ஏரிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கரையில் பனைகள் தெரிந்தன. துரைக்கு நுங்கு வெட்டிக் கொண்டுவரலாம் என்று நானும் எல்லப்பனும் தண்ணீரில் நடந்தே கிளம்பினோம். போகும்போது துரையை மணலில் உட்காரவைத்து, "துரை, ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா சந்தோஷமா உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஒரு மனிதரிடம் சந்தோஷமாக உட்காரச் சொல்வதைப்போல ஆபத்தான காரியம் வேறில்லை.

கரையேறித் திரும்பிப் பார்த்தேன். முனியம்மா காற்றுக்கு முதுகைக் கொடுத்து அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்தாள். துரை மணலில் மல்லாந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தார். தோளில் கம்பளி இல்லை! "எல்லப்பா, பாரு, பாரு! கம்பளிய எடுத்துட்டாரு! தூங்கறாரு!" என்று நான் பனையடியில் கூத்தாடினேன். வெட்டவெளியில், பட்டப்பகலில், ஐயோ துரை தூங்குகிறார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கம்பளி எங்கே போயிற்று என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அது வெயிலில் காய்கிறதே என்று அவருக்குக் கவலை. அதை ஊறவைக்க ஒரு வழி தேடியிருக்கிறார். திட்டை ஒட்டித் தண்ணீரில் இரண்டு கழிகள் வசதியாக நின்றிருந்தன. ஒன்றில் ஒரு முனையையும் மற்றொன்றில் மறு முனையையும் கட்டி, கம்பளியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, நிம்மதியாகப் படுத்துவிட்டார். அது தோணிரேவுக்காரர்களின் அன்றைய பாட்டில் நட்ட கழி. அந்த நேரம் பார்த்து முகத்துவாரத்திலிருந்து நீர் ஏறத் தொடங்கியது. நீரோடு இறாலும் ஏறியது. குறுக்கே கட்டிய கம்பளி மெல்ல மெல்ல வயிறு உப்பியது.

நாங்கள் நுங்கோடு தண்ணீரில் பாதி தூரம் வந்தபோது குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. துரைக்கும் வந்திருக்கவேண்டும். தொப்பியை நீக்கிக் கண்ணைத் திறந்தார். காற்றில் அடுப்பிலிருந்து நாலு பொறி பறந்தது.

எத்தனை வருஷத்துக் காவல்! அந்த உடம்பு யோசிக்கவே இல்லை. "நெருப்பு!" என்று அலறி எழுந்தார். தண்ணீருக்குள் பாய்ந்தார். முடிச்சை அவிழ்த்தார். கம்பளியை நாலு மூலையும் கூட்டிப் பிடித்து, தம் பலத்தையெல்லாம் கொடுத்துத் தூக்கினார்.

"துரை! தூக்காதே!" என்று எல்லப்பன் தண்ணீரில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான்.

தூக்கிவிட்டார். அடுப்பைப் பார்த்து வீசியும் விட்டார். அடுப்பு, சட்டி, சோறு, முனியம்மா எல்லாம் ஒரே வீச்சில் நனைந்தன. குழம்பில் வெந்த மடவைக்குப் பக்கத்தில் உயிர் இறால் துள்ளியது. முனியம்மாவின் கொண்டையிலிருந்து ஒரு நண்டு இறங்கி, யாரையும் லட்சியம் செய்யாமல் ஏரிக்குப் போயிற்று.

"அணைஞ்சுது" என்றார் துரை, மூச்சு வாங்க. "எல்லாரும் பொழச்சோம்."

முனியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். திட்ட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவள் பார்த்த திசையில் நாங்களும் பார்த்தோம். தோணிரேவுத் தோணிகள் வந்துகொண்டிருந்தன.

அடுத்த காட்சி தோணிரேவுக் கரையில், பூவரச மரத்தடியில். மீனவர் வழக்குத் தீர்க்கிற நாட்டார் நடுவில் உட்கார்ந்திருக்க, சுற்றி ஊரே நின்றது. பசி வேறு. துரை ஈரக் கம்பளிக்குள் ஒடுங்கிக் குற்றவாளியாக நின்றார். நாட்டார் நிதானமான மனிதர். ஒரு கேள்விக்கும் மறு கேள்விக்கும் நடுவில் ஒரு வெற்றிலை போடுவார்.

"எங்க பாட்டுல வலை தூக்கனது யாரு?"

"வலை இல்ல நைனா, கம்பளி" என்றாள் முனியம்மா.

"மீனு வந்துச்சா?"

"இறாலு வந்துச்சு. ஒரு நண்டும் வந்துச்சு."

"வந்துச்சுன்னா அது வலைதான்."

கூட்டம் ஆமாம் போட்டது. "ஒருத்தன் முறைய கெடுத்தவன், அவன் முறைய குடுத்து ஈடு கட்டணும். அதான் வழக்கம்" என்றார் நாட்டார். "துரையோட முறை எது?"



"அவருக்கு ஏது முறை?" என்றான் எல்லப்பன். "அவரு கோட்டை ஆளு. ஏரியில ஒண்ணும் கெடையாது."

"ஒண்ணும் இல்லாதவன்கிட்ட இன்னாத்த புடுங்கறது?" நாட்டார் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். இப்படி ஒரு சிக்கல் அந்த மரத்தடிக்கு அதற்குமுன் வந்ததில்லை. வழக்கப்படி தண்டிக்காமல் விடவும் முடியாது, தண்டிக்க வழியும் கிடையாது.

முறை, ஈடு என்கிற வழக்குப் பேச்சு பிடிபடாமல் துரை என் கையை இடித்தார். "இன்னா சொல்றாங்கோ?"

"உங்களைத் தண்டிக்க முடியாதாம் துரை. உங்ககிட்ட எடுத்துக்கறதுக்கு ஒண்ணும் இல்லையாம்."

அவர் முகத்தை நான் பார்த்தேன். பயம், புலம்பல், சலிப்பு எல்லாம் பார்த்துப் பழகிய முகம். அன்றைக்கு அதில் ஏதும் இல்லை. "அது நெஜம்தான்" என்றார் மெதுவாக. "எனக்கு ஒண்ணும் கெடையாது. புடுங்கறதுக்குக்கூட ஒண்ணும் கெடையாது." ஐயோ என்றுகூட அவர் சொல்லவில்லை. காரணம் காட்டு என்று கேட்டவரை அழைத்துவந்து, அவர் சந்தேகத்தைத்தான் ஊர் முன்னால் நிரூபித்துக் காட்டியிருந்தேன்.

துரை தமிழில்தானே சொன்னார், நாட்டார் பக்கத்தில்தானே இருந்தார். அவருக்கும் அது காதில் விழுந்தது. வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

"சரி, இப்பிடி செய்வோம். மொதல்ல துரைக்கு ஒரு முறை குடுப்போம். அப்பறம் புடுங்கிக்குவோம்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்து நியாயம் அப்படி. முறை குலுக்குகிற குடத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் கிடக்கும். ஒருவருக்குச் சிப்பி, ஒருவருக்கு ஓட்டுத்துண்டு, ஒருவருக்குப் பனங்கொட்டைச் சில்லு. "துரை, உன் அடையாளம் ஒண்ணு போடு" என்றார் நாட்டார். துரை பைகளைத் துழாவினார். பொறி பறக்கும் என்று பயந்து எதையும் வைத்துக்கொள்ளாத பைகள். கடைசியில் சட்டையிலிருந்து ஒரு மரப் பொத்தானைப் பிய்த்துக் குடத்தில் போட்டார். அது உள்ளே விழுந்து சிப்பிகளோடு உருளும் சத்தம் கேட்டது.

குலுக்கினார்கள். துரையின் பொத்தானுக்கு ஆடி அமாவாசைக்கு மறுநாள் என்று விழுந்தது.

"இந்த வருஷ ஆடி முறை துரைக்கு. அத தோணிரேவு எடுத்துக்குது. தீந்துது வழக்கு" என்று நாட்டார் எழுந்தார்.

"தீந்துதா?" என்றார் துரை. "அப்ப என் பொத்தான்?"

"அது குடத்துலயே கெடக்கும். போட்டதுதானே."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷ ஆடி உன் முறைதான். நீதான் வலை வெக்கணும். வேற எவனும் கைய வெக்க முடியாது. நீயா பாத்துக் குடுத்தா உண்டு."

திரும்பும்போது தோணியில் அவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. எப்போது முழுகும் என்றும் கேட்கவில்லை. கோட்டை தெரிகிற இடம் வந்தபோது மட்டும், "அடுத்த வருஷம்னு ஒண்ணு கண்டிப்பா வருமா?" என்றார்.

"வராம எங்க போவும் துரை?" என்றாள் முனியம்மா. தலையில் இன்னும் குழம்பு வாசனை அடித்தது அவளுக்கு. "வா, கம்பளி வலைல இல்ல, நெஜ வலைல தூக்கிக் காட்டறேன்."

அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். பற்கள் இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. காரணம் காட்டிவிட்டேன்! அவர் இருப்பார்!

காலையில் ஓடினேன். துறையில் வெடிமருந்துப் பீப்பாய்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பீப்பாய்களுக்கு நடுவே, சட்டையில் ஒரு பொத்தான் குறைய, கம்பளியும் தோளுமாக ஐயோ துரை.

"துரை, இருக்கேன்னு சொன்னீங்களே!"

"இருப்பேன் பிள்ளே. பீப்பாயத் தனியா எப்பிடி அனுப்பறது? கப்பல்ல எவனோ சுருட்டுப் பிடிப்பான், அவ்ளோதான், எல்லாரும் செத்தாங்க. நான் கூடப் போயி பத்தாவியாவுல பத்திரமா எறக்கி வெச்சுட்டு வந்துடறேன். ஆடிக்கு இன்னும் எவ்ளோ நாள் கீது, பாரு! இந்த வருஷ ஆடி இல்ல, அடுத்த வருஷ ஆடி."

வந்துவிடுவேன் என்கிறார். பத்திரமாக என்கிறார். எத்தனை நாள் இருக்கிறது பார் என்கிறார். இந்தச் சொற்களெல்லாம் அவரிடம் இருந்தன என்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கடல் எப்படிப்பட்டது, அந்தக் கப்பல்கள் எப்படிப்பட்டவை, ஒல்லாந்துக் கொடி இறங்கின துறைக்கு இனி எந்த ஒல்லாந்துக் கப்பல் வரும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பாஷை முழுக்க என் நாக்கில் இருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் கெட்டதையே நம்பியவர், முதல்முறையாக ஒரு நல்லதை நம்பிக்கொண்டு நிற்கிறார். அதை எந்தப் பாஷையில் கலைப்பது?

"எலும்புக்கூட்டுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எதுக்கு? திரும்பி வரத்தானே போறேன்" என்றார்.

படகு நகர்ந்தது. முனியம்மா தண்ணீரில் இறங்கி இடுப்பளவு வரை நடந்து போய் நின்றுகொண்டிருந்தாள். "இந்தாளு பயந்துக்கினு போனா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும் தம்பி. நம்பிக்கினு போறாரே, அதான் பயமா கீது" என்றாள். அதன்பிறகு அவர் விட்டுப்போன ஐயோவை நாங்கள் மூன்று பேரும் எடுத்துக்கொண்டோம். யாராவது துரை எப்போது வருவார் என்று கேட்டால், ஒரே குரலில் அதைத்தான் சொல்வோம்.

செய்தி ஒன்றும் வரவில்லை. நான் இப்போது இங்கிலீஷ் படிக்கிறேன். தப்பு செய்தால் திருத்துகிறார்கள்.

கப்பல் போய் ஒரு வருஷம் கழிந்து, இந்த வருஷம் துரையின் முறை நாளான ஆடி அமாவாசைக்கு மறுநாள் வந்தது. விடியும் முன்பே தோணிரேவுக்காரர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள். கோட்டைக்குப்பத்துத் தோணிகளும் வந்தன. பாட்டில் இறால் துள்ளுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவர் வலையும் தண்ணீரில் இறங்கவில்லை. நாட்டார் முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவரு முறை. அவரு சொல்லாம நாம எப்பிடி வெக்கறது?" என்றார்.

பொழுது ஏறியது. பசித்தது. பானை, அரிசி, மீன் எல்லாம் கொண்டுவந்திருந்த முனியம்மா கல் கூட்டாமலே உட்கார்ந்திருந்தாள். "அடுப்ப மூட்டேன் அக்கா" என்றான் எல்லப்பன். சுருட்டு எடுத்த ஒரு கிழவரைப் பார்த்து வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு, அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வந்துக்கினு இருந்தாருன்னா? தூரத்துலருந்து பொறியப் பாத்தா பயந்துடுவாரு, பாவம்."